வெளியே தெரியாத நோவு

மலையோரத்து மனிதர்கள் – 12

வெள்ளியங்காட்டு மலைப்பாதையில் பொழுது சாய்ந்துவிட்டால் யானைக்குப் பயந்து வண்டிகள் நின்றுவிடுவதைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். காரமடையில் புறப்படும் அந்தச் சாலை ஒரு பக்கம் பில்லூர் அணைக்கும், இன்னொரு பக்கம் கேரள எல்லையில் இருக்கும் முள்ளிக்கும், அங்கிருந்து கெத்தை வழியாக மஞ்சூருக்கும் ஏறுகிறது. வழியெல்லாம் இருளர் பழங்குடியினரின் சிற்றூர்களான பதிகள். ராத்திரியில் அந்தச் சாலை அடைபட்டால் யாருக்கு அதிகக் கஷ்டம் என்று கேட்டால், அரிவாள் செல் ரத்தசோகை உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் என்று தயங்காமல் சொல்வேன். ஆஸ்பத்திரியில் இதற்கு 'சிக்கிள் செல்' என்று பெயர். பதியிலும் இப்போது அதையே சொல்கிறார்கள்.

நம் ரத்தத்தின் சிவப்பணு வட்டத் தட்டுபோல், வளைந்து கொடுப்பதாக இருப்பதால்தான் மயிரிழைக் குழாய்களிலும் நுழைந்து வெளியேறுகிறது. இந்த நோய் உள்ளவர்களுக்கு ஹீமோகுளோபினை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். உடம்பில் நீர் வற்றினாலோ, குளிர் தாக்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, அளவுக்கு மீறி ஓடியாடினாலோ அணுக்கள் அரிவாள்போல் வளைந்து விறைத்துக் குழாயை அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத இடத்தில் வலி எடுக்கும். இடுப்பு, முதுகு, நெஞ்சு, கைகால் எலும்புகள் என்று எங்கே வேண்டுமானாலும் வரும். சில மணி நேரத்தில் தணிவதும் உண்டு, நாள்கணக்கில் படுக்கப்போடுவதும் உண்டு. 120 நாள் வாழவேண்டிய அணு பத்து இருபது நாளில் உடைந்துபோவதால் ரத்தசோகையும் கூடவே இருக்கும்.

இதில் பெரிய கொடுமை, வலி இல்லாத நாளில் ஆளைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்பதுதான். கண் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும், வயதுக்கு உடம்பு கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவுதான். "நல்லாத்தான கண்ணு இருக்குற, ஏன் வேலைக்கு வரல?" என்று தோட்டத்துக்காரர் கேட்டால் என்ன பதில் சொல்வது? வலியோடு ஆஸ்பத்திரி போனாலும் ஊசிக்காக நடிக்கிறார்கள் என்ற சந்தேகம் உலகம் முழுக்க இந்த நோயாளிகளைத் துரத்துகிறது. கட்டுப்போட்ட காலுக்குக் கிடைக்கும் மரியாதை இந்த வலிக்குக் கிடைப்பதில்லை.

மருத்துவ நூல்களில் இந்த நோய் முதன்முதலில் பதிவானது 1910-ல். சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்ற மருத்துவர் எழுதினார். அவர் பெயர் சொல்லாமல் குறிப்பிட்ட நோயாளி, கரீபியத் தீவான கிரெனடாவிலிருந்து பல் மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற மாணவர். கட்டுரைகளில் அவருடைய ரத்தத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு அவருடைய வாழ்க்கைதான் பெரிதாகப் படுகிறது. நோய்க்குப் பெயரும் இல்லாத, மருந்தும் இல்லாத காலத்தில், அடிக்கடி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து, 1907-ல் படிப்பை முடித்தார். ஊர் திரும்பிப் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். 1916-ல் 32 வயதில் நுரையீரல் பாதிப்பில் இறந்துபோனார். அவர் வாழ்ந்தது சாதாரண வாழ்க்கைதான், ஆனால் அதை அவர் சாதாரணப் பாடுபட்டுப் பெறவில்லை.

நம் மலைக்கு வருவோம். 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பக்கத்துப் பழங்குடிகளின் ரத்தத்தைப் பார்த்து, இருளர் உட்படப் பல குடிகளில் இந்த அரிவாள் அணு இருப்பதை எழுதினார்கள். இந்தியாவில் இதைப் பற்றி வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. மலைக்காட்டில் இது தங்கியதற்குக் காரணம் மலேரியா. தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்ற பிள்ளை மலேரியாவைத் தாங்கிப் பிழைத்துக்கொள்ளும். இருவரிடமிருந்தும் பெற்ற பிள்ளைதான் நோயாளி. முன்னோர் உயிரைக் காத்த ஒன்றுக்குப் பேரப்பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

முதல் பரிசோதனை எளிது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மருந்து கலந்த சிறு கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். சிறிது நேரம் பொறுத்து, குழாய்க்குப் பின்னால் எழுத்து அச்சிட்ட தாளைப் பிடிப்பார்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் கவலையில்லை. கலங்கி மறைந்துபோனால் அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறது. அந்த ஆள் நோயாளியா, மரபணுவைச் சுமப்பவர் மட்டுமா என்பதை இந்தக் குழாய் சொல்லாது. அதற்கு எலக்ட்ரோபோரசிஸ் போன்ற அடுத்த சோதனை வேண்டும். இந்த இரண்டாவது முடிவு கைக்கு வருவதற்குள்ளேயே ஊரில் பேச்சு கிளம்பிவிடுவதுதான் வேதனை.

பேச்சு போய் நிற்பது கல்யாணத்தில். சுமப்பவர் என்று பரிசோதனை முடிவு அட்டை வாங்கிய பெண்ணுக்கு வரன் தட்டிப்போகக் காரணமே கிடையாது. அவர் ஆரோக்கியமானவர். மாப்பிள்ளைக்கு இந்த மரபணு இல்லையென்றால் பிறக்கும் பிள்ளைக்கு இந்த நோய் வராது. இருவருமே சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று நினைப்பது தவறு. இந்தக் கணக்கைப் பதியில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கும் செவிலியர் ஒருவர், அட்டை அச்சடிப்பதை விடப் பெரிய வேலை செய்கிறார்.

மருந்துக்கு வருகிறேன். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை முதலில் புற்றுநோய்க்கு வந்தது. தினமும் சாப்பிட்டால், குழந்தைப் பருவத்து ஹீமோகுளோபினை உடம்பு மறுபடி கூடுதலாக உண்டாக்கும், அணு வளைவது குறையும், வலி வரும் தடவைகளும் குறையும். அமெரிக்காவில் 1998-ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. 2023-ல் வந்த மரபணுச் சிகிச்சை ஒன்றுக்கு அப்போது ஒருவருக்கு 22 லட்சம் டாலர் என்று விலை வைத்தார்கள். அது நமக்கு எட்டாது. இந்த மாத்திரை எட்டும். ஆனால் விடாமல் சாப்பிட வேண்டும், இடையிடையே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ ஒரு தடவை போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். கூடவே வருபவரின் கூலியும் சேர்ந்து போகும். மழை, யானை, பஸ் தவறுவது என்று எதனாலாவது ஒரு மாதம் மாத்திரை நின்றால் அடுத்த மாதம் வலி வந்து நிற்கும். மாத்திரை பதிக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும்.

வேலையும் ஒத்துழைப்பதில்லை. காரமடைப் பக்கம் கிடைப்பது வாழைத் தோட்டத்திலும் கறிவேப்பிலைக் காட்டிலும் வெயிலில் குனிந்து நிமிரும் வேலை. இந்த உடம்புக்கு ஆகாதது அதுதான். இருந்தும் போகிறார்கள். தண்ணீர் பாட்டிலோடு போகிறார்கள். திருவிழாவும் அப்படித்தான். மாசியில் காரமடை அரங்கநாதர் தேருக்கும், அதற்கு முன் நடக்கும் பெட்டத்தம்மன் அழைப்புக்கும் ஊரோடு சேர்ந்து நிற்க ஆசைப்படாத பிள்ளை யார்? தண்ணீர் குடித்துக்கொண்டு, நிழல் பார்த்து நின்று, களைப்பு வருமுன் உட்கார்ந்து, அந்தத் திருவிழாவையும் அனுபவிக்கலாம். வாழ்க்கையை நிறுத்திவைக்கச் சொல்லும் நோய் இதுவல்ல. கொஞ்சம் இடம் கேட்கும் நோய்.

சட்டம் பாதி இடம் கொடுத்திருக்கிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் அரிவாள் செல் நோயும் உண்டு. குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு என்று சான்று பெற்றால் அரசு உயர்கல்வி நிறுவனங்களின் 5 சதவீத ஒதுக்கீட்டில் வரலாம். அரசு வேலைக்கான 4 சதவீதத்தில் ரத்த நோய்களைச் சேர்க்கவில்லை. கல்லூரி வரை கைபிடித்துக் கூட்டிவந்து வேலை வாசலில் விட்டுவிடுவது நியாயமில்லை. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கிய தேசிய இயக்கம், 2047-க்குள் இந்த நோயை ஒழிக்க 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதாகச் சொன்னது. நல்லது. பரிசோதித்த பிறகு அந்தப் பிள்ளை அறுபது வருஷம் வாழ வேண்டுமே, அதற்கான ஏற்பாடும் அதே வேகத்தில் வேண்டும்.

மலையோரப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நோய் உள்ள பிள்ளை நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் அடிக்கடி வெளியே போக வேண்டும். பள்ளிக் கழிப்பறை சரியில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர். "டீச்சர், வெளிய போயிட்டு வரட்டுங்களா?" என்று ஒரு மணி நேரத்தில் இரண்டாவது தடவை கேட்டாலும் அனுப்புங்கள். காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நிறுத்தாதீர்கள், ஓட்டப் பந்தயத்துக்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். மேலு நோவுது என்று சொன்னால் முதலில் நம்புங்கள். காய்ச்சலோ நெஞ்சு வலியோ இருந்தால் மாலை வரை காத்திருக்காமல், மலைப்பாதை திறந்திருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: பவானிக் கரையில் பரிசல் ஓட்டுபவர்கள்)