காய்ச்சல் விடவே மாட்டேங்குது... எந்த டாக்டரைப் பார்க்கறது?

"எட்டு நாளாச்சு. மாத்திரை போட்டா ரெண்டு மணி நேரம் விடுது. அப்புறம் திரும்பவும் உடம்பு கொதிக்குது. மூணு டாக்டர் மாத்திப் பார்த்துட்டோம். ஒருத்தர் டைஃபாய்டுன்னார். இன்னொருத்தர் வைரல்னார். மூணாவது டாக்டர் ஊசியையே மாத்திட்டார். இனிமே யார்கிட்ட போறது?"

பஸ்ஸிலோ, கல்யாண வீட்டிலோ இந்தப் புலம்பலைக் கேட்காதவர்கள் யாராவது உண்டா?

நெஞ்சு வலித்தால் இதய டாக்டர், பார்வை மங்கினால் கண் டாக்டர் என்று நமக்குத் தெரியும். ஆனால், கிருமிகளுக்கென்றே ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கிறார் என்பது படித்தவர்களிலேயே பலருக்குத் தெரியாது. அவர்தான் தொற்றுநோய் நிபுணர். 'இன்ஃபெக்ஷியஸ் டிசீஸ் ஸ்பெஷலிஸ்ட்' என்ற நீளமான பெயரைச் சுருக்கி ஆஸ்பத்திரிகளில் 'ஐ.டி. டாக்டர்' என்பார்கள். (கம்ப்யூட்டர் ஐ.டி. இல்லீங்க!)

அவர் அப்படி என்ன செய்வார்?

முதலில், கேள்வி கேட்பார். எங்கே குடியிருக்கிறீர்கள், என்ன வேலை, வீட்டில் ஆடு மாடு உண்டா, வயல்வெளிக்குப் போனீர்களா, பச்சைப் பால் குடித்தீர்களா, சமீபத்தில் வெளியூர் போய் வந்தீர்களா... 'காய்ச்சலுக்கு வந்தா ஊர்க்கதை எல்லாம் கேக்கறாரே' என்று தோன்றும். அந்த ஊர்க்கதையில்தான் கிருமியின் விலாசமே இருக்கிறது!

அடுத்து, தலை முதல் கால் வரை உடம்பைப் பார்ப்பார். இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும்.

தமிழ்நாட்டில் மழைக்காலத்திலும் அதையடுத்த பனிக்காலத்திலும் அதிகமாக வருவது 'ஸ்க்ரப் டைஃபஸ்'. பேப்பரில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுவார்கள். புல், புதர்களில் இருக்கும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு தெரியும். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடுப்பு என்று மறைவான இடத்தில்தான் பெரும்பாலும் இருக்கும். வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. கூச்சப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் காட்டாமல் விடுகிறவர்களும் உண்டு.

வழக்கமாகப் போடும் பல ஆன்டிபயாடிக் ஊசிகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஆனால் 'டாக்ஸிசைக்ளின்' என்ற பழைய, விலை குறைந்த மாத்திரையைச் சரியான நேரத்தில் கொடுத்தால், பெரும்பாலானவர்களுக்கு 2 நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகப் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிலைக்குப் போனவர்களுக்கு, டாக்ஸிசைக்ளினோடு 'அஸித்ரோமைசின்' மருந்தையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்பதை வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் உலகுக்குச் சொன்னது.

பார்த்தீர்களா? இங்கே உயிரைக் காப்பாற்றியது விலை உயர்ந்த மருந்து அல்ல. சரியான கேள்வியும் சரியான பார்வையும்தான். சில சமயம் ஐ.டி. டாக்டர் புது மருந்து எதுவும் எழுதாமல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தவும் சொல்வார்!

யாருக்கு இவர் தேவை?

எல்லாக் காய்ச்சலுக்கும் ஐ.டி. டாக்டரைத் தேடி ஓட வேண்டாம். சளிக் காய்ச்சல் போன்றவற்றுக்கு உங்கள் குடும்ப டாக்டரே போதும். கீழே உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம்:

* ஒரு வாரம் தாண்டியும் காரணம் பிடிபடாத காய்ச்சல் உள்ளவர்கள்.

* 2, 3 தடவை ஆன்டிபயாடிக் மாற்றியும் குணமாகாதவர்கள்.

* ஆபரேஷன் செய்த இடம் ஆறாமல் சீழ் வைப்பவர்கள். குறிப்பாக மூட்டு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்கள்.

* சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வந்து, கல்ச்சர் ரிப்போர்ட்டில் பல மருந்துகளுக்கு நேராக 'ரெஸிஸ்டன்ட்' என்று வருபவர்கள்.

* சிறுநீரக மாற்று செய்தவர்கள், புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்கள், சர்க்கரை கட்டுப்படாதவர்கள்.

ஓர் எச்சரிக்கை. மூச்சு வாங்குவது, பிதற்றல், வலிப்பு, கழுத்து விறைப்பு, ரத்தக் கசிவு, சிறுநீர் குறைந்து போவது... இவற்றில் எது இருந்தாலும் ஸ்பெஷலிஸ்டைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. 108-க்கு போன் செய்து பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்கே கண்டுபிடிப்பது?

தெருமுனையில் போர்டு மாட்டி இவர்கள் கிளினிக் வைத்திருப்பது அபூர்வம். பெரிய ஆஸ்பத்திரிகளில்தான் இருப்பார்கள். வேலூர் சி.எம்.சி.யில் இதற்கென்றே தனித் துறை உண்டு. சென்னை, கோவை போன்ற நகரங்களில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில், ரிசப்ஷனில் 'ஐ.டி. டாக்டர் எந்தெந்த நாள் வருவார்?' என்று கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

ஆனால் முதல் படி, உங்கள் குடும்ப டாக்டர்தான். "டாக்டர், ஒரு ஐ.டி. ஸ்பெஷலிஸ்ட்கிட்ட ஒபீனியன் கேக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். யார் பக்கத்தில் இருக்கிறார் என்பதும் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு கடிதமும் எழுதிக் கொடுப்பார். நீங்கள் அலையாமல், அவரே ஸ்பெஷலிஸ்டுடன் போனில் பேசி வழி கேட்பதும் உண்டு.

"எங்க ஊர்ல அப்படி யாருமே இல்லையே?"

கவலை வேண்டாம். எம்.டி. பொது மருத்துவம் படித்தவர் தொற்றுநோய்களையும் பார்க்கப் பயிற்சி பெற்றவரே. பக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தால் பொது மருத்துவப் பிரிவு ஓ.பி.க்குப் போங்கள். கிருமிகளைக் கண்டறியும் லேபும் அங்கேயே இருக்கும். விருதுநகர், நாமக்கல், கள்ளக்குறிச்சி, அரியலூர் உட்பட 11 மாவட்டங்களில் 2022-ல் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஆகவே முன்பு போல எல்லாவற்றுக்கும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

படிப்பைக் கவனியுங்கள்

டாக்டரின் சீட்டில் 'டி.எம். (இன்ஃபெக்ஷியஸ் டிசீஸஸ்)' என்று இருந்தால், எம்.டி. முடித்து மேலும் 3 வருடம் இதையே படித்தவர் என்று அர்த்தம். 'எஃப்.என்.பி.' என்ற பயிற்சி முடித்தவர்களும், வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். 'மைக்ரோபயாலஜிஸ்ட்' என்பவர் பெரும்பாலும் லேபில் கிருமியைக் கண்டுபிடித்துச் சொல்பவர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சந்தேகம் இருந்தால், சீட்டில் மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

சிலவற்றுக்குத் தேடவே வேண்டாம்!

டி.பி.க்கு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். 1800-11-6666 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

எச்.ஐ.வி.க்கு அரசின் ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்து இலவசம். ஆலோசனைக்கு 1097. இந்தியாவிலேயே இந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், நம் சென்னையில். கண்டுபிடித்தது டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். அன்று மருந்தில்லாத நோய். இன்று ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் நீண்ட காலம் நலமாக வாழலாம்.

நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராகப் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அன்றே!

கையோடு கொண்டு போக வேண்டியவை

பழைய சீட்டுகள், ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு ஃபைல் போடுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட் மிக முக்கியம். சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைத் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு டிகிரி காய்ச்சல் அடித்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: நீங்களாகவே மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்கிவிட்டுப் போகாதீர்கள். அப்புறம் ரத்தத்தை கல்ச்சருக்கு எடுத்தாலும் கிருமி அகப்படாமல் போகலாம். திருடனை எச்சரித்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட்ட கதைதான்!

டாக்டரிடம் 3 கேள்விகள் கேளுங்கள். இது என்ன கிருமியாக இருக்கும்? அதை எந்த டெஸ்ட்டில் உறுதி செய்யலாம்? இந்த மருந்தை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

"ஸ்ட்ராங்கா ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்டுக் கேட்டே பழகிவிட்டோம். அடுத்த முறை, "காய்ச்சல் எதனால டாக்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்வியைப் பொறுமையாகக் கேட்டு, உட்கார வைத்துப் பதில் சொல்கிறவர்தான் நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் டாக்டர்!