வேலி வேண்டும், கூண்டு வேண்டாம்

கால்பந்து மைதானத்தில் உள்ளூர்க் கோஷ்டியின் அபிமானிகளையும் வெளியூர்க் கோஷ்டியின் அபிமானிகளையும் தனித்தனியே பிரித்து உட்கார வைக்கும் வழக்கம் பல தேசங்களில் இருந்து வருகிறது. இது விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடும் சிறு விஷயமென்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. ஜனங்கள் பெருந்திரளாகக் கூடும் இடத்தில் அவர்கள் உயிருக்கு யார் பொறுப்பு, அவர்களை அதிகாரிகள் எந்தக் கண்கொண்டு நோக்க வேண்டும் என்ற பெரிய கேள்விகள் இதில் அடங்கியிருக்கின்றன. கூட்டம் கூட்டுவதையே தொழிலாகக் கொண்ட அரசியல் தொண்டர்கள் இதை அவசியம் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

ஒரே ஆட்டத்தைக் காண வந்த மனிதர்களை வேலிக்கு அப்புறமும் இப்புறமும் நிறுத்துவது பகைமையை வளர்ப்பதேயாகும் என்று சிலர் வாதிக்கின்றனர். இங்கிலாந்தில் ரக்பி ஆட்டத்துக்கு வருவோர் எந்தக் கட்சியாராயினும் கலந்தே உட்காருகிறார்கள் என்று உதாரணமும் காட்டுகின்றனர். கேட்பதற்கு இனிய வாதந்தான். ஆனால் நம் நாட்டு அனுபவம் வேறு பாடத்தைக் கற்பித்திருக்கிறது.

1980ஆம் வருஷம் ஆகஸ்டு 16ஆம் தேதி கல்கத்தா ஈடன் தோட்ட மைதானத்தில் மோகன் பகான் கோஷ்டிக்கும் ஈஸ்ட் பெங்கால் கோஷ்டிக்கும் பந்தயம் நடந்தது. 1889இல் தோன்றிய மோகன் பகான், 1911இல் வெள்ளையர் பட்டாளக் கோஷ்டியை வென்று கேடயம் பெற்றுத் தேசத்தின் மனத்தில் இடம்பிடித்தது. 1920இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால், கிழக்கு வங்காளத்தைப் பூர்வீகமாகக் கொண்டோரின் அபிமானத்தைப் பெற்றது. ஆகவே அங்கே பந்தய உணர்ச்சியோடு ஊர், உறவு, பிரிவினையால் இழந்த வீடு ஆகியவற்றின் நினைவும் கலந்திருந்தது. அப்படியிருந்தும் அன்று இரு கட்சியாரும் ஒரே பகுதியில் கலந்து இருக்க விடப்பட்டனர். ஆட்டத்தில் இரண்டு வீரர்கள் மோதிக்கொண்டார்கள். அந்தக் கலகம் கூட்டத்துக்குப் பரவியது. அடிதடியிலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாளில் அந்நகரத்துக் கால்பந்து அன்பர்கள் அவர்களை நினைந்து இரத்ததானம் செய்து வருகிறார்கள். இடையே போதிய இடைவெளி விட்டிருந்தால் அந்த 16 உயிர்களும் தப்பியிருக்கக்கூடும். ஆகையால் பிரித்து உட்கார வைப்பது அவசியம் என்பதில் நமக்கு ஐயமில்லை.

எனினும், பிரித்ததாகப் பேர் பண்ணினால் போதுமா? போதாது என்பதற்கு 1985ஆம் வருஷம் மே 29ஆம் தேதி பெல்ஜியத் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் நேர்ந்த துயரமே சாட்சி. இங்கிலாந்தின் லிவர்பூல் கோஷ்டியும் இத்தாலியின் யுவென்டஸ் கோஷ்டியும் ஐரோப்பியக் கோப்பைக்காக ஹைசல் மைதானத்தில் ஆட இருந்தன. லிவர்பூல் கட்சியாருக்கு அடுத்த பகுதியை நடுநிலையாளருக்கென்று ஒதுக்கினார்கள். ஆனால் அதற்குரிய டிக்கெட்டுகளில் பல இத்தாலியர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. இடையில் இருந்தது மெல்லிய கம்பி வலை, காவலோ சொற்பம். லிவர்பூல் கட்சியாரில் ஒரு பகுதியினர் வலையைத் தாண்டிப் பாயவே, எதிர்ப்புறத்தார் பின்வாங்கிச் சுவரோரம் நெருக்குண்டனர். சுவர் சரிந்தது. 39 பேர் இறந்தனர். பின்னர் நியாயஸ்தலம் பாய்ந்தவர்களில் 14 பேரைத் தண்டித்ததோடு நிற்கவில்லை. பெல்ஜியக் கால்பந்துச் சங்கத்தின் அதிகாரி ஒருவரையும் போலீஸ் அதிகாரி ஒருவரையும் குற்றவாளிகளென்று தீர்மானித்தது. கூட்டத்தை அழைத்தவனும் காத்தவனும் தன் கடமையில் தவறினால் அவனும் குற்றவாளியே என்ற தர்மத்தை அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

இனி மறுபுறத்தைப் பார்ப்போம். பலவீனமான வேலி கொன்றது போலவே பலமான கூண்டும் கொன்றிருக்கிறது. 1989ஆம் வருஷம் ஏப்ரல் 15ஆம் தேதி இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூலுக்கும் நாட்டிங்ஹாம் பாரஸ்டுக்கும் பந்தயம். இரு கட்சியாரும் சந்திக்கவே கூடாதென்பது போலீஸாரின் திட்டம். அதன்படி லிவர்பூல் கட்சியார் சுமார் 24,000 பேருக்கு ஒரு பக்கத்திலிருந்த 23 சுழற்கதவுகளே வழியாயின. நின்று பார்க்கும் தளத்துக்குச் சீட்டு வாங்கிய 10,100 பேருக்கோ 7 கதவுகள்தாம். உள்ளேயும் அந்தத் தளம் இரும்புக் கம்பிகளால் பல பட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மைதானத்துக்குள் யாரும் குதிக்காதபடி முன்புறத்திலும் உயர்ந்த வேலி. வெளியே நெருக்கம் மிகுந்ததும் போலீஸார் ஒரு பெரிய வாயிலைத் திறந்துவிட்டார்கள். நடுப்பட்டிகள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. ஓரப்பட்டிகளில் இடம் இருந்தது. நடுவே செல்லும் சுரங்கவழியை அடைத்து ஜனங்களை ஓரங்களுக்குத் திருப்ப யாரும் முன்வரவில்லை. முன்வரிசையிலிருந்தவர்கள் கம்பியோடு நசுங்கினார்கள். ஆட்டம் தொடங்கி ஆறு நிமிஷத்தில் நிறுத்தப்பட்டது. அந்த விபத்தில் மாண்டவர் தொகை 97. அவர்களில் கடைசி மனிதர் 32 வருஷம் துன்புற்று 2021இல் உயிர் நீத்தார்.

அங்கே பகைக் கட்சியார் யாரும் தாக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். கூட்டம் முழுவதும் கலகக் கூட்டமே என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்ட மனப்பான்மைதான் அந்த உயிர்களைக் கொண்டுபோயிற்று. கம்பிக்கு அப்பால் ‘காப்பாற்றுங்கள்’ என்று எழுந்த குரல், காவலர் காதில் முதலில் கலகக் குரலாகவே விழுந்தது. இறந்தபின்னும் ஜனங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை. குடித்துவிட்டு வந்தவர்களே விபத்துக்குக் காரணம் என்று பழி சுமத்தப்பட்டது. விசாரணை நடத்திய டெய்லர் பிரபு, போலீஸாரின் கட்டுப்பாடு தவறியதே முக்கிய காரணம் என்று அதே வருஷத்தில் எழுதினார். அப்படியும் பழி நீங்கவில்லை. போலீஸாரின் வாக்குமூலங்களில் 164 திருத்தப்பட்டிருந்தன என்பதை 2012இல் ஒரு சுயேச்சைக் குழு வெளிப்படுத்தியது. சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும், கூட்டத்தின் மீது குற்றமில்லை என்றும் ஜூரிகள் சொல்வதற்கு 2016 வரை, அதாவது 27 வருஷம், காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தனை வருஷமும் சளைக்காமல் போராடிய தாய் தந்தையரின் உறுதி எந்த நாட்டுத் தொண்டருக்கும் பாடமாகும்.

‘வேலியும் வேண்டாம், கூண்டும் வேண்டாம்; வெளியூர்க் கட்சியாரை உள்ளேயே விடவேண்டாம்’ என்பது மூன்றாவது வழி. அர்ஜெண்டினா 2013இல் அதைக் கைக்கொண்டது. பல வருஷம் வெளியூர் அபிமானிகளுக்குக் கதவு அடைக்கப்பட்டிருந்தது. கலகம் அடங்கிற்றா? 2018ஆம் வருஷம் நவம்பரில் ப்யூனஸ் அயர்ஸ் நகரில் ரிவர் பிளேட் கோஷ்டியோடு இறுதிப் பந்தயம் ஆடவந்த போக்கா ஜூனியர்ஸ் வீரர்களின் பஸ் மீது தெருவிலேயே கல்மாரி பொழிந்தார்கள். வீரர்கள் காயமுற்றனர், பந்தயம் நடக்கவில்லை. மைதானத்துக்குள் போக்கா கட்சியார் யாருக்கும் அனுமதியில்லாத நாளில் இது நடந்தது. அதே பந்தயம் டிசம்பர் 9ஆம் தேதி ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் நடந்தபோது இரு கட்சியாரும் உள்ளே அனுமதிக்கப்பட்டுத் தனித்தனிப் பகுதிகளில் அமர்ந்தார்கள். ரிவர் பிளேட் 3-1 என்று வென்றது. ஆட்டமும் ஒழுங்காக முடிந்தது. கதவை அடைப்பது ராஜதந்திரமாகாது. தன் கடமையைச் செய்யத் திறமையில்லாதவன் ஒப்புக்கொள்ளும் தோல்வியே அது.

ஆகவே நமது அபிப்பிராயம் இது. பிரித்து உட்கார வையுங்கள். ஆனால் விருந்தினராகப் பாவித்துப் பிரியுங்கள். வெளியூரார் வர நல்ல பாதையும், நுழையப் போதிய கதவும், ஆபத்து வந்தால் வெளியேறத் திறந்த வழியும் இருக்க வேண்டும். இங்கிலாந்து இந்தப் பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு பெரிய மைதானங்களில் முன்வேலிகளை அகற்றி ஒவ்வொருவருக்கும் ஆசனம் போட்டார்கள். அந்நாட்டு முதல்தரக் கழகங்கள் வெளியூர்க் கட்சியாருக்கு 3,000 இடமோ, சிறிய மைதானமாயின் பத்தில் ஒரு பங்கோ அளிக்க வேண்டுமென்பது விதி. அவர்களிடம் 30 பவுனுக்கு மேல் வசூலிப்பதில்லை என்றும் 2016இல் கழகங்கள் உடன்பட்டன. இரு கட்சியாருக்கும் இடையே சில வரிசைகளைக் காலியாக விட்டுத் தொண்டர்களை நிறுத்துகிறார்கள். இரும்புக் கூண்டு செய்யாத வேலையைக் காலி ஆசனங்கள் செய்கின்றன.

பிரிப்பதால் பகை நிலைத்துவிடும் என்று அஞ்சுவோருக்கு மீண்டும் வங்காளமே பதில் கூறியிருக்கிறது. 2024 ஆகஸ்டில், இன்று கொல்கத்தா என வழங்கும் அந்நகரின் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் கற்பழித்துக் கொல்லப்பட்டார். நகரம் கொதித்தது. 18ஆம் தேதி நடக்கவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் பந்தயத்தைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்துசெய்தார்கள். ஆட்டமில்லாத மைதானத்துக்கு வெளியே இரு கட்சியாரும் கூடினர்; மகமதன் ஸ்போர்ட்டிங் கட்சியாரும் சேர்ந்துகொண்டார்கள். வெவ்வேறு நிறக் கொடிகளோடு வந்தவர்கள் நியாயம் கேட்டு ஒரே குரலில் கோஷமிட்டார்கள். போலீஸார் தடியடி நடத்தினார்கள். அப்போதும் அவர்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை.

பந்தய நாளில் அவர்களுக்கிடையே வேலி வேண்டியதுதான். அது ஒன்றரை மணி நேர வேலி. அதற்கு மேல் ஜனங்களைப் பிரித்து வைக்கவும், கூண்டில் அடைக்கவும், குற்றவாளிகளென்று முன்கூட்டியே முத்திரையிடவும் எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை.