சொர்க்கத்துக்கு வரைபடம் போட்ட ஊர்

சென்னையிலிருந்து நம்மவர்களை ஏற்றி வரும் வண்டியின் பெயர் சார்மினார் எக்ஸ்பிரஸ். அந்தப் பெயருக்குரிய கட்டடத்தை ஒரு தடவையாவது போய்ப் பார்க்காத தமிழர் ஐதராபாத்தில் இருக்க மாட்டார். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தால் முதலில் அழைத்துப் போவதும் அங்கேதான். லாட் பஜாரில் வளையல் வாங்குகிறோம், போட்டோ எடுத்துக் கொள்கிறோம், பஸ் ஏறித் திரும்பி விடுகிறோம். பூலோகத்திலே ஒரு சொர்க்கத்தைக் கட்டிவிடலாம் என்று நம்பிய ஒரு மன்னன் போட்ட படத்துக்கு அந்தக் கட்டடம்தான் நடுப்புள்ளி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கோல்கொண்டாக் கோட்டைக்குள் ஜன நெருக்கடி முற்றியிருந்த காலம். குடிதண்ணீருக்கும் தட்டுப்பாடு. குதுப் ஷாஹி வம்சத்தின் ஐந்தாவது சுல்தான் முகம்மது குலி, மூசி ஆற்றுக்குத் தெற்கே ஒரு புது நகரம் காணத் தீர்மானித்தான். ஆண்டு 1591. படம் போடும் பொறுப்பு, பாரசீகத்து அஸ்தராபாத்திலிருந்து வந்து இங்கே பேஷ்வாவாக இருந்த மீர் மோமின் என்பவரிடம் போயிற்று. இஸ்லாமிய மரபிலே சொர்க்கம் என்பது நான்காகப் பகுத்த ஒரு நந்தவனம். மீர் மோமின் அதையே தெருக்களாக மாற்றினார். நடுவே சார்மினார், அதிலிருந்து நான்கு திசைக்கும் நான்கு ராஜபாட்டைகள், வடக்கே நான்கு பெரிய வளைவுகள், அவற்றுக்கு நடுவில் ஒரு நீரூற்று. இன்று குல்ஜார் ஹவுஸ் என்கிறோமே, அதுதான் அந்த ஊற்று.

இந்த மீர் மோமின் ஒரு மயானத்தையும் ஏற்படுத்தினார். பழைய நகரத்தில் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. அவரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். சொர்க்கத்திலும் சாவு உண்டு என்று தெரிந்த மனிதர்!

சுல்தான் தக்காணி மொழியில் பாட்டு எழுதுகிறவன். தன் புது நகரம் ஜனங்களால் நிரம்ப வேண்டும் என்று இறைவனை வேண்டி அவன் பாடியதாக இன்றும் இங்கே சொல்கிறார்கள். சுபிட்சமான நகரங்களைக் கனவு கண்டவர்கள் உலகத்தில் பலர் உண்டு. ஆனால் ஜனங்கள் நிறைய வரட்டும் என்று கேட்டவர்கள் அபூர்வம்.

தாமஸ் மோரின் தீவு

இங்கிலாந்தில் தாமஸ் மோர் என்பவர் 1516இல் லத்தீன் மொழியில் 'யுடோப்பியா' என்றொரு நூல் எழுதினார். கிரேக்கத்திலிருந்து அவரே உண்டாக்கிய பெயர். 'எங்கும் இல்லாத இடம்' என்று பொருள். அந்தத் தீவில் ஐம்பத்து நான்கு நகரங்கள். எல்லாம் ஒரே அச்சு. வீட்டுக்குப் பூட்டு கிடையாது. பத்து வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு வீட்டை மாற்றிக் கொள்வார்கள். தினம் ஆறு மணி நேரம் வேலை செய்தால் போதும். (ஆபீசில் இதைச் சொன்னபோது சக குமாஸ்தாக்கள் அந்தத் தீவுக்கு எத்தனை மணிக்கு வண்டி என்று கேட்டார்கள்.)

அவசரப்பட வேண்டாம். அங்கே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அனுமதியில்லாமல் இரண்டாம் முறை பிடிபட்டால் அடிமையாக்கி விடுவார்கள். ஆடு மாடு அறுப்பது போன்ற வேலைகளையும் அந்த அடிமைகள்தான் பார்க்க வேண்டும். ஒரு நகரத்தில் ஆறாயிரம் குடும்பங்களுக்கு மேல் கூடாது. மிஞ்சினவர்களை வேறிடத்துக்கு அனுப்பி விடுவார்கள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு அங்கே ஸ்டேஷனிலேயே கதவடைப்புதான். இந்த ஒழுங்கு முற்றிப் போனால் எப்படி நரகமாகும் என்பதை 1949இல் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு நாவலில் எழுதிக் காட்டினார். அவர் பிறந்தது நம் பீகாரின் மோத்திஹாரியில்.

திருக்குறளிலும் 'நாடு' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பிற நாடுகளின் பாரமெல்லாம் ஒருசேர வந்து விழுந்தாலும் தாங்குவதை வள்ளுவர் அங்கே நாட்டுக்கு ஓர் இலக்கணமாக வைக்கிறார். வந்து சேரும் ஜனத்திரளே அந்தப் பாரம் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். மோரின் தீவைவிட இதுவே எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

ஆற்றின் கோபம்

குலியின் சொர்க்கம் நூறு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1687இல் ஔரங்கசீப்பின் படை கோல்கொண்டாவைப் பிடித்தது. பிறகு நிஜாம்கள் வந்தார்கள். நகரம் மறுபடி பெருத்தது. ஆற்றோரத்திலும் வீடுகள் ஏறின. 1908 செப்டம்பர் 28ஆம் தேதி மூசி பொங்கியது. சுமார் பதினையாயிரம் பேர் மாண்டதாகக் கணக்கு. பாலங்கள் உடைந்தன. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் மேல் ஏறிக்கொண்ட நூற்றைம்பது பேர் பிழைத்தார்கள் என்பார்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்குப் போகிற நம்மவர்கள், வளாகத்துக்குள் நிற்கும் அந்த மரத்தைக் கவனித்திருக்கலாம்.

இந்தத் துயரத்துக்குப் பின்தான் இரண்டாவது தடவையாக நகரத்துக்குப் படம் போட்டார்கள். மைசூரைச் சேர்ந்த விஸ்வேஸ்வரய்யா 1909இல் வரவழைக்கப்பட்டார். அவர் யோசனைப்படி மேலே இரண்டு அணைகள் எழுந்தன: 1920இல் உஸ்மான் சாகர், 1927இல் ஹிமாயத் சாகர். நாம் கண்டிப்பேட்டைத் தண்ணீர் என்று பெருமையாகக் குடித்தது உஸ்மான் சாகர் தண்ணீரைத்தான். 1912இல் நகர அபிவிருத்தி போர்டு ஏற்பட்டது. நெருக்கமான குடிசைப் பகுதிகளை எடுத்துவிட்டு, அகலமான சாலைகளும் பத்தர்கட்டியின் கல் வளைவுக் கடைகளும் கட்டினார்கள். ஏழைகளுக்குக் காற்றோட்டமான வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் வந்துவிட்டது. 1591இல் முதல் கேள்வி ஜனங்களை எப்படி வரவழைப்பது என்பது. 1912 முதல் படத்தை விரித்ததும் வருகிற முதல் கேள்வி யாரை எங்கிருந்து எடுப்பது என்பதாயிற்று.

நம் பக்கத்தில் ஒன்று

இந்தக் காலத்தில் யாராவது அடியோடு புதிதாக ஒரு பூரண நகரம் கட்டிப் பார்த்தார்களா என்றால், நம் விழுப்புரம் பக்கத்திலேயே பார்த்தார்கள். பாண்டிச்சேரிக்கு வடக்கே ஆரோவில். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி, 124 நாடுகளின் மண்ணை ஒரு பளிங்குத் தாழியில் போட்டு அரவிந்தாசிரமத்து அன்னை அதைத் துவக்கினார். பிரெஞ்சுக்காரரான ரோஜர் ஆஞ்ஜே வான மண்டலத்துச் சுழல்போல் ஒரு படம் வரைந்தார். ஐம்பதினாயிரம் பேருக்கான நகரம் அது. நிலம் யாருக்கும் சொந்தமில்லை, உள்ளே பணப் புழக்கம் வேண்டாம் என்பது லட்சியம்.

வெறும் செம்மண் மேடாகக் கிடந்த இடத்தை அங்கு வந்தவர்கள் காடாக்கிக் காட்டியது நிஜமான சாதனை. 1973இல் அன்னை மறைந்த பிறகு நிர்வாகம் யாரிடம் என்பதில் சண்டை மூண்டு, 1980இல் மத்திய அரசு சட்டம் போட்டு உள்ளே வரும்படியாயிற்று. 1988இல் தனி பவுண்டேஷன் சட்டம். 2021 டிசம்பரில் படத்தில் கண்ட வட்டச் சாலைக்காக, அவர்களே வளர்த்த மரங்களைப் புல்டோசர் கொண்டு தள்ளினார்கள். மரமா, படமா என்று குடியிருப்போருக்குள்ளேயே இரண்டு கட்சி. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் போய், உச்ச நீதிமன்றம் வரை போயிற்று.

அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அங்கே இருப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். குயிலாப்பாளையம், எடையன்சாவடி என்று சுற்றியுள்ள கிராமத்து ஜனங்கள் காலையில் சைக்கிளில் அங்கே வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். படம் முழுசாக இருக்கிறது, ஜனங்கள்தான் வந்து சேரவில்லை. இங்கே ஐதராபாத்தில் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். படம்தான் எப்போதோ மறைந்துவிட்டது. குலியின் நான்கு பாட்டைகளையும் இன்று தள்ளுவண்டிகளுக்கு நடுவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எனக்குக் கேட்டால், இந்த நெரிசலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இப்போது மூன்றாவது படம் வந்திருக்கிறது. மூசிக் கரையை அழகுபடுத்தும் பெருந்திட்டம். ஆறு நாறுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. சாதர்காட் பாலத்தைத் தாண்டும்போது பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்துகிறோம். 2020 அக்டோபர் வெள்ளத்தில் கரையோரத்தார் பட்ட பாட்டையும் பார்த்தோம். அங்கே குடியிருப்பது ஆபத்து என்று அதிகாரிகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2024இல் ஆற்றுப் படுகையில் இருந்த வீடுகளைக் கணக்கெடுத்து, சுவரில் அடையாளம் போட்டு, குடும்பங்களை அரசு கட்டிய இரண்டு படுக்கையறை வீடுகளுக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். புது வீடு பழையதைவிடப் பெரிதுதான். ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களும் பழைய இடத்தை விட்டுப் போகத் தயங்கினார்கள். புது இடத்திலிருந்து காலை ஐந்து மணி வேலைக்கு எந்த பஸ்ஸில் வருவது, நடுவருஷத்தில் பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி.