ஷர்ட் டிரெஸ் தைக்கலாம், வாருங்கள்!

கழுத்துக்குக் காலர், முன்பக்கம் வரிசையாகப் பட்டன், இடுப்பில் பெல்ட், முழங்காலுக்குக் கீழே இறங்கும் சுருக்கம் வைத்த பாவாடை. ஆண்கள் சட்டையையே கீழ்வரை நீட்டிவிட்டாற்போல இருக்கும் இதற்குப் பெயர் ஷர்ட் டிரெஸ். 1940, 50களில் அமெரிக்க இல்லத்தரசிகள் வீட்டு வேலைக்கும் கடைத்தெருவுக்கும் இதைத்தான் விரும்பி உடுத்தினார்கள். அந்தக் காலத்து மாதிரியிலேயே பேட்டர்ன் வாங்கி வீட்டில் தைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப சௌகரியம். பால் கொடுக்க இரண்டு பட்டனைக் கழற்றினால் போதும். நைட்டி மாதிரி வீட்டோடு நின்றுவிடாது. தடுப்பூசி போட வேண்டிய நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாம்.

பேட்டர்ன் என்பது உடையின் ஒவ்வொரு பாகத்தையும் அளவாக வரைந்து கொடுக்கும் காகிதம். அமெரிக்காவில் பட்டரிக் என்ற தையற்காரர் 1863-இல் பல அளவுகளில் இதை விற்க ஆரம்பித்தார். வீட்டுப் பெண்கள் தாங்களே தைத்துக்கொள்ள அது பெரிய உதவியாயிற்று.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவமாகி நாலு மாதம். பேட்டர்ன் உறையைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. "நான் மீடியம் சைஸ் போடறவ அக்கா. இதிலே என் அளவுக்கு நேரே 16-ன்னு போட்டிருக்கே! அவ்வளவு குண்டாயிட்டேனா?" என்றாள்.

அந்த நம்பரைப் பார்த்து மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ளவே வேண்டாம். 1940களின் அமெரிக்க பேட்டர்னில் 14 என்றால் மார்பளவு 32 அங்குலம். 1950களின் கடைசியில் அதே 14, 34 அங்குலமாயிற்று. 1968 வாக்கில் 36 ஆயிற்று. ஒரே நம்பர், மூன்று உடம்பு! ஆகவே நம்பரை விட்டுவிட்டு, உறையில் அங்குலக் கணக்கில் கொடுத்திருக்கும் அளவை மட்டும் பாருங்கள்.

டேப்பை எடுத்து நான்கு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: அக்குளை ஒட்டிய மேல்மார்பு, முழு மார்பு, இடுப்பு, கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை முதுகு நீளம். பால் கொடுக்கும் நாட்களில் முழு மார்பளவு கூடியிருக்கும். தோள் அப்படியேதான் இருக்கும். முழு மார்பை வைத்து பேட்டர்ன் எடுத்தால் தோள் தொளதொளவென்று இறங்கிவிடும். மேல்மார்பை வைத்து எடுங்கள். மார்பில் 2 அங்குலம் போதவில்லையா? முன்பாகம் இரண்டு, பின்பாகம் இரண்டு, ஆக நான்கு பக்கவாட்டு ஓரத்திலும் அரை அரை அங்குலம் கூட்டினால் சரியாகிவிடும். அதற்கு மேல் தேவையென்றால் ஒரு அளவு பெரிய பேட்டர்ன் எடுத்துத் தோளைக் குறைப்பது நல்லது.

புதுத் துணியில் கத்திரி வைக்குமுன் பழைய வேட்டியிலோ நைந்த பருத்திப் புடவையிலோ மேல்பாகத்தை வெட்டி, பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டு மாட்டிப் பாருங்கள். கையைத் தூக்குங்கள், குனியுங்கள், குழந்தையை மடியில் வைத்து உட்காருங்கள். எங்கே இழுக்கிறதோ அங்கே பிரித்து விடுங்கள். எங்கே தொங்குகிறதோ அங்கே பின் குத்திப் பிடியுங்கள். அந்தத் திருத்தங்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் அதுதான் உங்கள் சொந்த பேட்டர்ன். பத்து உடை தைக்கலாம்.

துணிக்கு பாப்ளின் அல்லது கேம்பிரிக் நல்லது. பிளவுஸுக்கு எடுக்கும் டூ பை டூ மெல்லிசு, உள்ளே தெரியும். உறையில் கஜக் கணக்கு இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். 4 கஜம் என்பது 3.66 மீட்டர்தான், மூன்றே முக்கால் மீட்டர் கேட்டு வாங்குங்கள். துணியின் பன்னாவையும் உறையோடு ஒத்துப் பாருங்கள். வாங்கியதை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டுங்கள். சுருங்குவதெல்லாம் முதலிலேயே சுருங்கிவிடட்டும்.

தோள், காலர், கை, பக்கவாட்டு, பிறகு பாவாடை என்ற வரிசையில் தைக்கலாம். காலருக்கும் பட்டன் பட்டிக்கும் உள்ளே மெல்லிய கேன்வாஸ் கொடுத்தால் துவளாது. பாவாடையை ஒரு நாள் ஹேங்கரில் தொங்கவிட்டு, அடியை சமன் செய்து மடித்துத் தையுங்கள்.

பட்டனில்தான் சூட்சுமம். முதல் பட்டனை மார்பின் முழு அளவு வரும் இடத்துக்கு நேராக வையுங்கள். அப்போதுதான் முன்பக்கம் வாய் பிளக்காது. மற்றவற்றை அதிலிருந்து கணக்கிட்டு, சுமார் 3 அங்குல இடைவெளியில் மேலும் கீழும் குறியுங்கள். பெண்கள் உடைக்குக் காஜா வலது பக்கம் வரும். குழந்தையின் கன்னத்தில் உரசுமாதலால் தட்டையான, வழவழப்பான பட்டனாக இருக்கட்டும். இரட்டை நூலில் இறுக்கித் தைத்து, அடிக்கடி இழுத்துப் பாருங்கள். கழன்ற பட்டன் குழந்தையின் வாய்க்குள் போனால் ஆபத்து. பெல்ட்டுக்கும் பக்கிள் வேண்டாம், துணியிலேயே முடிச்சுப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெண் இளநீலப் பாப்ளினில் தைத்துப் போட்டுக்கொண்டாள். அளவெடுத்ததைவிட இடுப்பு குறைந்தால் பிடித்துக்கொள்ளலாம், கூடினால் விட்டுக்கொள்ளலாம் என்று பக்கவாட்டில் ஓர் அங்குலம் உள்ளே விட்டிருக்கிறோம். நீங்களும் அப்படியே விட்டுத் தையுங்கள்.