காதுகுத்து வீடியோவும் கூடவே வரும் பாட்டும்

வீட்டு விசேஷம் என்றால் இப்போது கேமராக்காரர் வருவதற்கு முன்பே நாலு பேர் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். காதுகுத்தில், தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழும் அந்த அரை நிமிடம் எல்லோர் போனிலும் இருக்கும். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் அழுகை கேட்காது. மண்டபத்து ஸ்பீக்கரில் ஓடிய சினிமாப் பாட்டுதான் கேட்கும்.

படம் சற்று மங்கினாலும் பார்த்துவிடலாம். குரல் கேட்காத வீடியோவை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. அதனால் ஜூம் செய்வதை விட்டு இரண்டடி கிட்டே போங்கள். ஸ்பீக்கரை விட்டு விலகி நில்லுங்கள். பாட்டி பேசுவதைப் பதிவு செய்வதானால் புடவையில் குத்தும் காலர் மைக் ஒன்று போதும். டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பட்டை பட்டையாகத் துடிக்கிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் பெரும்பாலும் வினாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறது. செட்டிங்கில் 25 ஃபிரேம் இருந்தால் மாற்றிப் பாருங்கள், துடிப்பு பெரும்பாலும் அடங்கும்.

அந்தப் பாட்டுக்கு வருவோம். கல்யாணத்திலும் அதைச் சேர்ந்த சடங்குகளிலும் பாட்டுப் போடுவதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், விலக்கு தருகிறது. ஆனால் அது விசேஷம் நடக்கும் இடத்தோடு சரி. அதே வீடியோவை யூடியூபில் ஏற்றினால், பாட்டை அங்குள்ள கருவி தானாகவே அடையாளம் கண்டுவிடும். ‘பத்து வினாடி போட்டால் தப்பில்லை’ என்று பலர் நம்புகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு வினாடிக் கணக்கே கிடையாது. கிளெய்ம், அதாவது உரிமைக் கோரல், வந்தால் பதற வேண்டாம்: விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும், அல்லது வீடியோ முடக்கப்படும். ஸ்டிரைக் என்னும் பதிப்புரிமை மீறல் எச்சரிக்கை வேறு. அது 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். உங்கள் பக்கம் நியாயம் இருந்தால் எதிர்மனு கொடுக்கலாம்.

பாட்டைவிட எனக்குக் கவலை தருவது குழந்தைகள்தான். குளிப்பாட்டும் வீடியோவைப் பாசத்தோடுதான் போடுகிறோம். அதை யார் இறக்கி எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. யூனிஃபார்மில் பள்ளிப் பெயர் தெரியும், கேமராவில் லொகேஷன் பதிவாகும். இரண்டையும் கவனியுங்கள். பெரியவர்களிடம் ‘போடலாமா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெண்கள் உடை மாற்றுவது போன்ற அந்தரங்க நேரத்தை ஒளிந்து எடுப்பது விளையாட்டல்ல. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. ரயில் தண்டவாளத்தில் ரீல்ஸ் எடுப்பதும் குற்றம்தான். அங்கே தண்டனையைவிட உயிர் பெரிது.

நமக்கு உள்ள உரிமைகளும் பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் எடுத்த வீடியோ, பதிவு செய்யாமலேயே உங்கள் சொத்து. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன கல்யாண வீடியோவும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருடையதே. ஸ்டுடியோக்காரர் அதைக் கேட்காமல் தன் விளம்பரத்துக்குப் போட்டால் நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

யாராவது திருடிப் போட்டாலோ, உங்களை ஒளிந்து எடுத்துப் பரப்பினாலோ, கோபத்தில் முதலில் அவருக்குப் போன் செய்யாதீர்கள். அவர் அழித்துவிட்டால் ஆதாரம் போயிற்று. லிங்க்கைக் குறித்துக்கொண்டு, தேதியும் கணக்கின் பெயரும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அந்தரங்கப் படமானால் சைபர் கிரைம் போலீசுக்கும் போங்கள். பெண்கள், குழந்தைகள் பற்றிய ஆபாசப் பதிவுகளுக்கு மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். போனில் எடுத்த மூலக் கோப்பை மட்டும் அழிக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்துபோனது சுருங்கிய நகல். எப்போது, எந்தப் போனில் எடுத்தது என்ற விவரம் அதில் தங்காது.