தோட்டா மறுநிரப்பலில் கருவிக் கோளாறுகள்

தோட்டா மறுநிரப்பல் என்பது, சுட்டபின் எஞ்சும் பித்தளைக் கூட்டைச் சீர்செய்து, புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி மீண்டும் பயன்படுத்தும் முறையாகும். அமெரிக்காவில் இலக்குச் சுடுநர்களும் வேட்டைக்காரர்களும் இதனை வீட்டு மேசையிலேயே செய்கின்றனர். (இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றமாகும்.) கைநெம்புகோலால் இயங்கும் பிரஸ், கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் டை எனப்படும் எஃகு அச்சுகள், மருந்தை அளந்து கொட்டும் அளவி, தராசு ஆகியவை இதன் முதன்மைக் கருவிகள்.

புதியவர்கள் முதலில் சந்திப்பது டைக்குள் கூடு சிக்கிக்கொள்வதாகும். பெரும்பாலும் உயவுப்பசை போதாமையே காரணம். நெம்புகோலை மேலும் பலமாக இழுத்தால் கூட்டின் விளிம்பு கிழியுமே தவிர, கூடு வெளிவராது. கூட்டின் அடியில் துளையிட்டு, மரை வெட்டி, திருகாணியால் இழுத்தெடுப்பதே வழக்கமான தீர்வு. பசை மிகுந்தாலும் தொல்லைதான். டைக்குள் தேங்கும் பசை கூட்டின் தோள்பகுதியில் குழி விழச் செய்யும். நேர்ச்சுவர் கொண்ட கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையமுள்ள டையைப் பயன்படுத்தினால் பொதுவாகப் பசை தேவைப்படாது.

பழைய பிரைமரைத் தள்ளும் ஊசி உடைந்தால், ஊசியைக் குறை கூறுமுன் கூட்டின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும். பாக்சர் வகைக் கூட்டில் நடுவே ஒரே துளை இருக்கும். பெர்டான் வகையில் நடுவை விட்டு விலகி, பெரும்பாலும் இரு துளைகள் இருக்கும். பிந்தையதில் ஊசி திண்மையான பித்தளையில் மோதி முறிகிறது. அமெரிக்கரான பெர்டானின் முறை ஐரோப்பாவிலும், ஆங்கிலேயரான பாக்சரின் முறை அமெரிக்காவிலும் நிலைபெற்றது ஒரு வேடிக்கை. புதிய பிரைமர் உள்ளே நுழைய மறுத்தால், அது படைத்துறைக் கூடாக இருக்கலாம். அவற்றில் பிரைமர் கழன்றுவிடாதபடி குழியின் விளிம்பு நெரிக்கப்பட்டிருக்கும். அந்த நெரிப்பை நீக்காமல் அழுத்தக் கூடாது. பிரைமர் அழுத்தத்தால் வெடிக்கும் பொருள்.

மேற்கண்டவற்றால் நேரமும் கூடும் வீணாகும், அவ்வளவே. மருந்து அளவியின் கோளாறோ கையையும் கண்ணையும் பறிக்கக்கூடியது. மருந்து கிரெயின் என்னும் அலகில் அளக்கப்படுகிறது. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம். நீண்ட குச்சி வடிவ மருந்துத் துகள்கள் அளவியின் குழாயில் ஒன்றன்மீது ஒன்று குறுக்காக நின்று பாலம்போல் அடைத்துக்கொள்வதுண்டு. அப்போது ஒரு கூட்டில் குறைவாகவும், அடைப்பு விலகியதும் அடுத்த கூட்டில் மிகையாகவும் விழும். குறைவாக விழுந்தால் குண்டு குழலின் பாதியிலேயே நின்றுவிடலாம். சத்தம் மந்தமாகக் கேட்டதைப் பொருட்படுத்தாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். மிகையாக விழுந்தால் முதல் சுடுதலிலேயே துப்பாக்கி சிதறக்கூடும்.

ஒவ்வொரு இழுப்பிலும் பல வேலைகளைச் செய்யும் தொடர்நிலை பிரஸ்ஸில் இந்த அபாயம் கூடுதல். எங்கோ ஒரு கூடு சிக்க, நெம்புகோலை முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பது இயல்பு. அந்த அசைவிலேயே மருந்து நிலையில் உள்ள கூட்டுக்குள் இரண்டாம் முறை மருந்து விழுந்துவிடலாம். சிறிய அளவு மருந்தே தேவைப்படும் கைத்துப்பாக்கிக் கூட்டில் இரட்டை அளவும் வழியாமல் அடங்கிவிடுவதால் வெளியே தெரியாது. எனவே பிரஸ் தடைபட்டால், தட்டிலுள்ள கூடுகள் அனைத்தையும் எடுத்துவிட்டு, அவற்றிலுள்ள மருந்தைத் தராசில் நிறுத்துப் பார்த்த பின்பே தொடர்வர். நல்ல வெளிச்சத்தில், குண்டு பொருத்துமுன் ஒவ்வொரு கூட்டையும் எட்டிப் பார்ப்பது எந்தக் கருவியையும்விட நம்பகமானது.

தராசும் தவறும். மின்விசிறிக் காற்று, மின்னணுத் தராசு மெல்ல நகர்ந்து வேறு எண் காட்டுவது ஆகியவை பொதுவான காரணங்கள். எடை தெரிந்த சோதனைக் கற்களால் இடையிடையே சரிபார்க்கலாம். ஐயத்துக்குரிய தோட்டாக்களைச் சுத்தி வடிவ இழுவியால் தட்டிப் பிரிப்பர். பிரித்த குண்டும் கூடும் பழுதின்றி இருந்தால் மீண்டும் பயன்படும்; வகை தெரியாமல் கலந்துவிட்ட மருந்து அழிக்கப்படுகிறது.