கரடியும் காவல் தொண்டரும்

மடவார் வளாகத்திலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் மலைத்தொடர் 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. பெயரில் அணிலும் புலியும் இருப்பினும், அடிவாரத்து மாந்தோப்புக்காரரையும், சதுரகிரிக்கும் செண்பகத்தோப்புக்கும் அய்யனார் கோயிலுக்கும் செல்லும் நெசவாளக் குடும்பங்களையும் எதிர்ப்படக் கூடிய விலங்கு கரடியே. யானையைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். கரடியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே அதைக் குறித்துச் சில விவரங்களை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலில் அயல்நாட்டு ஏற்பாடு ஒன்றைக் கூறுவோம். அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்னும் பூங்காவில் ஒரு காலத்தில் ஹோட்டல் எச்சிலைக் கரடிகளுக்குக் கொட்டி, அவை தின்பதைப் படிக்கட்டுகளில் அமர்ந்து ஜனங்கள் வேடிக்கை பார்த்தனர். விளைவு என்ன? 1931 முதல் 1969 வரை ஆண்டுதோறும் சராசரி நாற்பது பேருக்கு மேல் காயமுற்றனர். 1970-இல் தொடங்கிய புதிய திட்டத்தின்படி குப்பைமேடுகளை மூடி, உணவு கொடுப்பதைக் கண்டிப்பாகத் தடுத்த பின்னரே இத்தொகை வெகுவாகக் குறைந்தது.

அதன் அருகிலுள்ள கிராண்ட் டீட்டன் பூங்காவில் 2007-ஆம் ஆண்டு தொண்டர் படை ஒன்று அமைக்கப்பட்டது. சாலையோரத்தில் கரடி தென்பட்டால் கார்கள் குவிந்து விடும். தொண்டர்கள் வண்டிகளை ஒழுங்குபடுத்தி, ஜனங்களைக் கரடியிலிருந்து முந்நூறு அடிக்கு அப்பால் நிறுத்துகிறார்கள். கூடாரமிடும் இடங்களைச் சுற்றி வந்து, திறந்து கிடக்கும் உணவுப் பொருள்களைப் பத்திரப்படுத்தச் செய்கிறார்கள். கரடிக்குக் காவல் என்று பெயரே தவிர, காவல் எல்லாம் மனிதருக்குத்தான்! மனிதன் தின்பண்டத்தை ஒருமுறை ருசித்த கரடி மீண்டும் மீண்டும் வரும். முடிவில் அதைக் கொல்லவும் நேரிடும்.

நம் மலைக் கரடி வேறு ஜாதி. அதற்கு மேல்வரிசையில் நடுவிலுள்ள முன்பற்கள் இரண்டும் கிடையா. அந்த இடைவெளி வழியாகப் புற்றிலுள்ள கரையானை உறிஞ்சி இழுக்கும். அவ்வோசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தன் சப்தத்திலேயே மூழ்கியிருப்பதால் மனிதர் வருவதை அது அறிவதில்லை. கண் பார்வையும் மந்தம். ஆள் திடீரென்று அருகில் வந்து நின்றால் திகைத்துப் பாய்ந்து, பெரும்பாலும் முகத்தையும் தலையையும் கிழிக்கும். குட்டியை முதுகில் சுமந்து வரும் தாய் மேலும் கடுமை. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே ஒரே கரடியால் மூவர் படுகாயமுற்றனர். பிடிபட்ட அக்கரடியும் பின்னர் இறந்தது.

ஆதலால் இங்கே தொண்டர் செய்ய வேண்டுவது சாலைக் காவல் அன்று. விடியுமுன்னும் அந்தி சாய்ந்த பின்னும் புதர்வழியே எவரும் தனியே செல்லாதபடி தடுத்து, யாத்திரிகர்களைக் கூட்டங் கூட்டமாக, பேசிக்கொண்டே நடக்கச் செய்வது முதல் வேலை. சமைத்த இடத்தில் மீந்த சோறு, வெல்லம், பழத்தோல் இவற்றை அள்ளி ஊருக்கே கொண்டுவருவது அடுத்தது. சிறிய கோயில்களில் விளக்கெண்ணெயை இரவில் திறந்து வைப்பதும் தகாது. நீலகிரியில் எண்ணெய்க்காகக் கரடி கோயிற் கதவை உடைத்த சம்பவங்கள் உண்டு. எதிர்ப்பட்டு விட்டாலோ, கூச்சலிட்டு ஓடாமல், அதன் மேல் கண் வைத்து மெல்லப் பின்னடைய வேண்டும். கல்லெறிதல் கூடவே கூடாது.

தோப்புக்கார அங்கத்தினர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உதிர்ந்த மாம்பழத்தை அன்றன்றே பொறுக்கி விடுங்கள். பன்றிக்கென்று கண்ணி வைப்பதும் வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும் சட்ட விரோதம்; கரடியோ 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பிராணி. அது ஒருபுறமிருக்க, கண்ணியில் சிக்கி உயிரோடிருக்கும் கரடியை விடப் பயங்கரமானது தோப்பில் வேறில்லை. காலையில் தண்ணீர் பாய்ச்ச முதலில் செல்பவர் பெரும்பாலும் நம் கூலியாளே என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் சங்கங்களுக்கு முறைவைத்து வேலை செய்வது புதிதன்று. பத்துப் பேர் முறைக்கு நால்வராகச் சென்றாலும் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் ஒரு பாதையைக் கவனிக்கலாம். வனத்துறையின் அனுமதியின்றி ஒருவரும் உள்ளே செல்லலாகாது. எனவே பெயர் கொடுக்க விரும்புவோர் ஆனி மாதத்திற்குள் சங்கக் காரியாலயத்தில் தெரிவித்தால், மனு ஒன்றாகச் சேர்த்து அனுப்பப்படும்.